பட்டி நாய்க்குக் கண்ணில் பீளை, காலில் துடிப்பு: வெறிநோயா?

கேள்வி: தாளவாடிப் பக்கம் காட்டை ஒட்டி மானாவாரி நிலம் வைத்திருக்கிறேன். நாற்பது ஆடுகள், பட்டிக் காவலுக்கு நான்கு நாய்கள். மூன்று வாரங்களுக்கு முன் இரண்டு நாய்களுக்குக் கண்ணில் பீளை, மூக்கில் கெட்டிச் சளி, பிறகு கழிச்சல். ஒன்று இறந்துவிட்டது, ஓடையில் போட்டுவிட்டோம். மற்றது தேறியதுபோல் இருந்தது. இப்போது அதன் பின்னங்கால் வெட்டி வெட்டித் துடிக்கிறது, வாயை மென்றபடி நுரை தள்ளுகிறது. வெறி பிடித்துவிட்டது என்கிறார்கள். ஆடுகளுக்குத் தொற்றுமா? சூடு போட்டால் சரியாகுமா?

பதில்: முதலில் வீட்டு ஆட்களைப் பாருங்கள். அந்த நாய் யாரையாவது கடித்திருந்தாலோ, புண்ணில் நக்கியிருந்தாலோ, அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு இன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். என் பதிலை நம்பிக் காத்திருக்க வேண்டாம். நாயைத் தனியே கட்டுங்கள். மருந்து கொடுக்கிறேன் என்று வாய்க்குள் கைவிடாதீர்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது பெரும்பாலும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய், நாய்க்கு நாய் தொற்றுவது. கண், மூக்கு, வயிறு என்று வரிசையாகத் தாக்கி, தேறிவிட்டது என்று நாம் நினைக்கும் நேரத்தில் நரம்பைப் பிடிப்பது அதன் வழக்கம். வெறிநோய் அறிகுறி கண்ட நாய் பொதுவாகப் பத்து நாள்களுக்குமேல் தாங்காது. நாய் தூங்கும்போது சற்றுத் தள்ளி நின்று கவனியுங்கள். உறக்கத்திலும் அதே கால் ஒரே சீராக வெட்டிக்கொண்டிருந்தால் டிஸ்டெம்பர் என்ற சந்தேகம் வலுக்கும். பாதத்தின் அடிமெத்தையும் மூக்கு நுனியும் தடித்து வெடித்திருக்கலாம். ஆனாலும் இரண்டையும் கண்ணால் பார்த்தே பிரித்துவிட முடியாது. கால்நடை மருத்துவர் பார்க்கும்வரை வெறிநோய் என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

டிஸ்டெம்பர் ஆடு, மாடு, கோழி எதற்கும் வராது, மனிதருக்கும் நோயாக வராது. ஆடுகளைத் தாக்கும் ஆட்டுக்கொல்லி நோயின் வைரஸ் இதற்குப் பங்காளி முறை. 2011-இல் உலகைவிட்டே ஒழிக்கப்பட்ட மாட்டு வெக்கை நோயும் நம் தட்டம்மையும் அதே குடும்பம்தான். உங்கள் ஆடுகளுக்கு ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி விட்டுப்போயிருந்தால், மருத்துவர் வரும்போதே கேட்டுவிடுங்கள்.

சூடு வேண்டவே வேண்டாம். நரம்பில் இருக்கும் வைரஸுக்குத் தோலைப் பொசுக்கி என்ன பயன்? வைரஸைக் கொல்லும் மருந்தும் கிடையாது. நீர் வற்றாமல் குளுக்கோஸ் ஏற்றுவது, கூடவே வரும் பாக்டீரியாத் தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக், வலிப்புக்கு மருந்து, இவ்வளவுதான் சிகிச்சை. பிழைத்தாலும் துடிப்பு கடைசிவரை நிற்காமல் போகலாம். தின்னவும் எழவும் முடியாத நிலை வந்தால், வலியில்லாமல் அதன் உயிரை முடிக்கும் ஊசியைப் பற்றி மருத்துவரிடம் பேசத் தயங்காதீர்கள்.

எனக்கு வருத்தம் தந்தது ஓடையில் போட்ட செய்திதான். வெயில் பட்டால் இந்த வைரஸ் சில மணி நேரத்தில் செத்துவிடும், உண்மை. ஆனால் அன்றிரவே சிறுத்தையோ நரியோ வந்து தின்றிருந்தால்? செந்நாய், புனுகுப்பூனை, புலி என்று பல ஊனுண்ணிகளுக்கும் இது வரும். 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களில் 23 சிங்கங்கள் இறந்தன. அவற்றில் சிலவற்றில் இந்த வைரஸ் உறுதியானது. தடுப்பூசியை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார்கள். 1994-இல் தான்சானியாவின் செரங்கெட்டியில் ஏறக்குறைய ஆயிரம் சிங்கங்கள், அதாவது மூன்றில் ஒரு பங்கு, மடிந்தன. சுற்றுக் கிராமங்களின் நாய்களிடமிருந்தே அது வந்ததாகக் கருதப்படுகிறது. பிணத்தைவிட, நோயோடு அவிழ்ந்து காட்டுக்குள் திரியும் நாய் இன்னும் ஆபத்து. இனி ஏதாவது இறந்தால் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்து, மேலே முள் போடுங்கள். ஓடையோரம் நரியோ வேறு விலங்கோ செத்துக் கிடந்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மிச்சமிருக்கும் இரண்டு நாய்களுக்கும் நோய்க்குறி இல்லையென்றால் உடனே தடுப்பூசி போடுங்கள். ஏற்கெனவே தொற்றியிருந்தால் ஊசி காப்பாற்றாமல் போகலாம், இருந்தாலும் போடுவதே சரி. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: முகாமில் போடுவது வெறிநோய் ஊசி, அது டிஸ்டெம்பரைத் தடுக்காது. இதற்குப் பல நோய்களுக்கும் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசியைக் கேட்க வேண்டும். உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசி அது. சட்டைப் பையில் வைத்து மலை ஏறினால் வீணாகிவிடும், பனிக்கட்டி டப்பாவில் கொண்டுபோங்கள்.

செத்த நாய்க்குப் பதிலாகக் குட்டி எடுக்க நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள். பிழைத்த நாய் இரண்டு மூன்று மாதங்கள்கூட வைரஸைக் கக்கிக்கொண்டிருக்கலாம். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி போட்டு, பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று தொடர வேண்டும். அத்தனையும் முடித்தபின் பட்டிக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த ஊசி ஓர் ஆண்டு கழித்து.