மாதிரிப் பதிவை நகலெடுக்கும்போது எந்தக் கட்டங்கள் காலியாக இருக்க வேண்டும்?

ஜூரோங்கில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் மாதிரிகளைப் பெற்றுக்கொள்ளும் முகப்பில் வேலை செய்யும் வாசகி கேட்கிறார்: "ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வாரம் இரண்டு முறை 18 போத்தல் தொழிற்சாலைக் கழிவுநீர் வரும். மாதிரிகளின் விவரங்களையும் முடிவுகளையும் பதியும் எங்கள் லிம்ஸ் மென்பொருளின் பெயர் செனைட். போன வாரப் பதிவுகளை நகலெடுத்துப் புதிய பதிவாக்குவேன். சென்ற மாதம் பழைய வெப்பநிலை அப்படியே வந்துவிட்டது. இன்னொரு நாள் ஒரே போத்தலை இரண்டு தடவை பதிந்துவிட்டேன். இனி டூப்ளிகேட் செய்யவே கூடாது என்கிறார் மேலாளர். நகலெடுப்பது தவறா ஐயா? இரட்டைப் பதிவை நீக்கிவிடலாமா?"

நகலெடுப்பதில் தவறில்லை. ஒரே விவரத்தை 18 முறை தட்டச்சு செய்யச் சொன்னால், களைப்பில் எங்காவது ஓர் எழுத்து மாறத்தான் செய்யும். ஆனால் மேலாளரின் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. ஒரு மாதிரிப் பதிவில் இரண்டு வகைத் தகவல்கள் கலந்து கிடக்கின்றன. போத்தல் வருவதற்கு முன்பே தெரிந்தவை ஒரு வகை: வாடிக்கையாளர், மாதிரி எடுக்கும் இடம், தண்ணீரின் வகை, செய்ய வேண்டிய சோதனைகள். போத்தல் கைக்கு வந்தால்தான் தெரிபவை இன்னொரு வகை: எடுத்த தேதியும் நேரமும், எடுத்தவர் பெயர், வந்தபோது இருந்த வெப்பநிலை, கெடாமலிருக்க அமிலம் சேர்த்திருக்கிறதா, மூடி இறுக்கமாக இருந்ததா என்பவை. முதல் வகையைத் தாராளமாக நகலெடுங்கள். இரண்டாவது வகைக் கட்டங்கள் புதிய பதிவில் காலியாகத்தான் தொடங்க வேண்டும். காலிக் கட்டம் கண்ணை உறுத்தும். பழைய எண் நிற்கும் கட்டத்தைக் கண் தாண்டிப் போய்விடும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆய்வகத்துக்கு மதிப்பீட்டுக்கு வந்தவர், ஒரு வாடிக்கையாளரின் ஒரு மாதப் பதிவுகளை அச்செடுத்துத் தரச் சொன்னார். வெப்பநிலைக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். 4.2, 4.2, 4.2. நான்கு வாரமும் தசமம்கூட மாறவில்லை. "உண்மையிலேயே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். பார்த்திருந்தோம். ஆனால் அதைக் காட்ட எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. செய்த வேலையையே செய்யாததுபோல் ஆக்கிவிட்டது அந்த நகல். அன்றிலிருந்து இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன்.

தேதி தவறினால் நிலைமை இன்னும் மோசம். பிஓடி சோதனையை, அதாவது தண்ணீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று அளக்கும் சோதனையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதிப்படி, மாதிரியை 6 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே வைத்து, எடுத்த 48 மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்க வேண்டும். வியாழக்கிழமை போத்தலில் திங்கட்கிழமைத் தேதி ஒட்டிக்கொண்டு வந்தால், நல்ல மாதிரி காலாவதி ஆனதுபோல் தெரியும். வாடிக்கையாளர் மறுபடியும் ஆளனுப்பி மாதிரி எடுக்க வேண்டியிருக்கும். இதாவது உடனே வெளியே தெரிந்துவிடும். தேதியை மட்டும் திருத்தி, நேரத்தைப் பழையபடி விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது.

சரி, செனைட்டில் எப்படிச் செய்வது? மாதிரிப் பட்டியலில் வேண்டிய பதிவுகளைக் குறியிட்டு, கீழே 'காப்பி டு நியூ' பொத்தானை அழுத்தினால் பழைய மதிப்புகளோடு புதிய பதிவுப் படிவம் திறக்கும். சேமித்த பிறகுதான் புதிய எண் கிடைக்கும். சோதனைக்காக ஒரு பதிவை நகலெடுத்து, எந்தெந்தக் கட்டங்கள் நிரம்பி வருகின்றன என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆய்வகத்திலும் கூடுதல் கட்டங்கள் சேர்த்திருப்பார்கள் என்பதால், உங்கள் பட்டியலை நீங்களே எடுப்பதுதான் நம்பகமானது. படிவத்தில் ஒரு கட்டத்தின் மதிப்பைப் பக்கத்திலுள்ள எல்லா மாதிரிகளுக்கும் பரப்பும் குறியும் இருக்கும். சோதனைப் பட்டியலுக்கு அது அருமையான வசதி. எடுத்த நேரத்துக்கு மட்டும் அதைத் தொடாதீர்கள். 18 இடங்களில் ஒரே நிமிடத்தில் ஒருவரால் போத்தல் நிரப்ப முடியாது.

உண்மையில் உங்கள் வேலைக்கு நகலைவிட டெம்ப்ளேட், அதாவது மாறாத விவரங்களை மட்டும் நிரப்பிவைத்த படிவம், பொருத்தம். செனைட்டில் அந்த வாடிக்கையாளரின் பக்கத்திலேயே அவருக்கென மாதிரி டெம்ப்ளேட்டுகளை வைக்கலாம். மாதிரி எடுக்கும் இடம், தண்ணீரின் வகை, சோதனைகள் எல்லாம் அதில் இருக்கும். எடுத்த தேதி இருக்காது. நீங்கள் மறந்தாலும் பழைய தேதி ஒட்டிக்கொள்ள வழியில்லை. ஆனால் நீங்களாகவே உருவாக்கிவிடாதீர்கள். உங்களுக்கு சிங்கப்பூர் ஆய்வக அங்கீகாரத் திட்டமான சிங்லாஸின் அங்கீகாரம் இருந்தால், ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ/ஐஈசி 17025 தரநிலையின் 7.11 பிரிவுப்படி மென்பொருள் அமைப்பில் செய்யும் மாற்றத்துக்கு அனுமதி வாங்கி, எழுதிவைத்து, சரிபார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

அப்புறம், 'டூப்ளிகேட்' என்ற சொல். பாதிக் குழப்பம் இதிலிருந்துதான் வருகிறது. பதிவுகளை நகலெடுப்பதைத்தான் உங்கள் மேலாளர் தடுக்கிறார். ஆய்வாளருக்கோ டூப்ளிகேட் என்றால் ஒரே போத்தலிலிருந்து இரண்டு பங்கு எடுத்துச் சோதிப்பது. அது முகப்பில் பதிய வேண்டிய விஷயமே இல்லை. செனைட்டில் ஆய்வாளரின் சோதனைத் தாளான ஒர்க்ஷீட்டில் சேர்ப்பார்கள், இரண்டு முடிவுகளும் குறித்த விழுக்காட்டுக்கு மேல் விலகினால் எச்சரிக்கை வரும். களத்தில் ஒரே இடத்தில் இரண்டு போத்தல் நிரப்பி அனுப்பினால் அவை இரண்டு தனி மாதிரிகள், இரண்டு எண்கள். ஒரு போத்தலைப் பிரித்து ஒன்றில் அமிலம், ஒன்றில் வேறு பதப்படுத்தல் என்றால் அது பார்ட்டிஷன். தாய் எண்ணோடு பி01 என்று சேரும். ஏற்கனவே பதிந்த போத்தலுக்கு வாடிக்கையாளர் பிறகு இன்னொரு சோதனை கேட்டால், முதன்மை மாதிரியைக் காட்டி இரண்டாம் நிலைப் பதிவு போடுங்கள். எஸ்01 சேரும், எடுத்த தேதி முதன்மைப் பதிவிலிருந்தே வரும். இந்த இடத்தில் பலர் 'காப்பி டு நியூ' அழுத்திவிடுகிறார்கள். பிறகு ஒரு போத்தலுக்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு எண்கள் ஆகிவிடும். பொத்தானைத் தொடுமுன் மேசையில் எத்தனை போத்தல் இருக்கிறது என்று எண்ணுங்கள்.

இனி அந்த இரட்டைப் பதிவு. நீக்கக் கூடாது. ஒரே கழிவுநீர்ப் போத்தல் இரண்டு எண்களில் உள்ளே போய், ஒன்றுக்கு பிஓடி 380, இன்னொன்றுக்கு 412 வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 32, சராசரி 396. அதாவது சுமார் 8.1 விழுக்காடு விலகல். ஆய்வகக் கணக்கில் இது சாதாரணமாக இருக்கலாம். ஆனால் சிங்கப்பூரில் பொதுக் கழிவுநீர்க் குழாயில் விடும் தொழிற்சாலைக் கழிவுநீருக்கு பிஓடி வரம்பு லிட்டருக்கு 400 மில்லிகிராம். ஓர் எண் வரம்புக்குள், இன்னொன்று வெளியே! 412 வந்த பதிவை யாராவது சத்தமில்லாமல் நீக்கினால், அது எவ்வளவு அப்பாவித்தனமான காரணத்துக்காக இருந்தாலும், வசதியான முடிவைத் தேர்ந்தெடுத்ததாகத்தான் பொருள்.

சோதனை தொடங்குமுன் கண்டுபிடித்தால் இரண்டாவது பதிவை ரத்து செய்யுங்கள். எந்த எண்ணின் இரட்டை அது என்று குறிப்பில் எழுதுங்கள். ரத்தான எண் பட்டியலில் இருக்கட்டும். வரிசையில் ஓர் எண் ஏன் வெளியே போகவில்லை என்று பின்னால் கேட்பவருக்கு விடை அங்கேயே கிடைக்கும். முடிவு உள்ளிட்ட பிறகு தெரிந்தால் தரப் பொறுப்பாளரிடம் கொண்டு போங்கள். இரண்டு முடிவுகளும் பதிவில் இருக்க, எதை எப்படி அறிக்கையில் தருவது என்று அவர் தீர்மானிக்க வேண்டும். அறிக்கை வெளியான பிறகு 'இன்வேலிடேட்' அழுத்தச் சொல்வார்கள். கவனம், அது மறுசோதனைக்காக ஆர்01 என்று இன்னொரு பதிவை உருவாக்கிவிடும். இரட்டையைச் சரிசெய்யப் போய் மூன்றாகிவிடும்.

சென்ற மாத வெப்பநிலையை ஞாபகத்திலிருந்து திருத்தாதீர்கள். வரவேற்பு ஏட்டிலோ கருவியின் பதிவிலோ அன்றைய அளவு இருந்தால், காரணமும் உங்கள் பெயரும் தேதியும் தெரியும்படி திருத்துங்கள். பழைய எண்ணும் பார்க்கக் கிடைக்க வேண்டும். எங்கும் இல்லையென்றால், அளவு கிடைக்கவில்லை என்றே எழுதுங்கள். பிறகு கடந்த மூன்று மாதப் பதிவுகளை எக்செலுக்கு எடுத்து, வாடிக்கையாளர் வாரியாக அடுக்கிப் பாருங்கள். ஒரே வெப்பநிலையும் ஒரே நேரமும் அடுத்தடுத்து வரும் வரிசைகள் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அந்தப் பட்டியலை நீங்களே தரப் பொறுப்பாளரிடம் கொடுங்கள், டெம்ப்ளேட் வேண்டும் என்ற கோரிக்கையையும் சேர்த்து.