கணவன் அடிப்பதை மார்க்கம் அனுமதிக்கிறதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உங்கள் தங்கையைக் கணவர் அடிக்கிறார், கேட்டால் மார்க்கத்தைக் காட்டுகிறார் என்கிறீர்கள். நபிகள் நாயகம் எந்தப் பெண்ணையும் கைநீட்டி அடித்ததில்லை என்று அவர் மனைவி ஆயிஷா நாயகியே சொன்ன ஹதீஸ் இருக்கிறது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

நிக்காஹ் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். மாப்பிள்ளை வாசித்துக் கையெழுத்துப் போட்ட தக்லீக், அதாவது நிபந்தனை உறுதிமொழி, இருக்கும். உடலுக்குத் தீங்கு செய்ததை ஷரியா நீதிமன்றத்தில் நிரூபித்தால் தலாக் விழும் என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும்.

மணவிலக்கு வேண்டாமா? சரி, 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் முஸ்லிம்களுக்கும் பொருந்தும். போலீசில் புகார் கொடுத்துப் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். காயம் இருந்தால் முதலில் அரசு மருத்துவமனைக்குப் போகட்டும். அந்த அறிக்கை இரண்டு வழக்குக்கும் உதவும். அவசரத்துக்கு அரசின் உதவி எண் தாலியான் காசே (Talian Kasih), 15999. அப்புறம், லயத்து வீட்டுச் சுவர் மெல்லியது. சத்தம் கேட்ட பக்கத்து வீட்டு அக்காவும் சாட்சிதான், அவரிடம் பேசுங்கள்.