1950களின் வீடு: வாங்குவோர், விற்போர் கேள்வி பதில்

அமெரிக்காவிலும் கனடாவிலும் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு எழுந்த குடியிருப்புகளில் வீடு வாங்குவது, விற்பது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள்.

அண்ணா, 1952இல் கட்டிய வீடு. சமையலறை புத்தம் புதுசு. வாங்கலாமா?

சமையலறையை விடுங்கள், பேஸ்மென்டுக்கு இறங்குங்கள். அந்தக் காலத்தில் 60 ஆம்பியர் மின் இணைப்பே ஒரு வீட்டுக்குத் தாராளம். இன்று ஏசி, மின்சார அடுப்பு, கார் சார்ஜர் என்று சேர்ந்தால் 200 கேட்கும். அப்புறம், தண்ணீர் உள்ளே வரும் குழாயில் ஒரு காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் இரும்பு, உள்ளே துரு ஏறி வழி குறுகியிருக்கும். ஒட்டாமல், சுரண்டிய இடம் வெள்ளி மாதிரி பளபளத்தால் ஈயம். மாடியில் ஷவரைத் திறந்துவிட்டுக் கீழே இன்னொரு குழாயையும் திறந்து பாருங்கள். ஷவர் சொட்ட ஆரம்பித்தால் குழாய் மாற்றும் செலவை விலையில் பேசிக்கொள்ளுங்கள்.

வாசலில் பெரிய மேப்பிள் மரம். அதற்காகவே மனசு இழுக்கிறது.

நானும் ஒரு மரத்தைப் பார்த்து மயங்கித்தான் வாங்கினேன். மூன்றாம் மாதம், துணி துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது பேஸ்மென்ட் வடிகால் வழியாக நுரையும் கறுப்புத் தண்ணீரும் மேலே வந்தன. கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தால், குழாய்க்குள் துடைப்பத்தைச் செருகிய மாதிரி வேர். அக்காலக் கழிவுநீர்க் குழாய்கள் பெரும்பாலும் சுட்ட களிமண். சில அடிக்கு ஓர் இணைப்பு, ஒவ்வோர் இணைப்பும் வேருக்கு ஒரு வாசல். சில வீடுகளில் 'ஆரஞ்ச்பர்க்' என்ற, தார் ஊறிய நார்க்குழாய் இருக்கும்; அது காலப்போக்கில் நசுங்கிவிடும். வழக்கமான வீட்டுச் சோதனையில் கேமரா சேராது. தனியாகக் கேளுங்கள், கையெழுத்துப் போடும் முன்பே.

ஆஸ்பெஸ்டாஸ், ஈயப் பெயின்ட் பயம்?

9 அங்குலச் சதுரத் தரை ஓடு இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உடையாமல் கிடக்கும்வரை பெரிய ஆபத்தில்லை, நீங்களே பெயர்க்காதீர்கள். 1978க்கு முன் கட்டிய வீடானால், ஈயப் பெயின்ட் பற்றித் தெரிந்ததை விற்பவர் சொல்லியாக வேண்டும், சோதிக்க உங்களுக்கு 10 நாள் தர வேண்டும். இது அமெரிக்கச் சட்டம்.

750 சதுர அடி ரொம்பச் சின்னது இல்லையா?

நியூயார்க் மாநிலத்தில் போருக்குப் பின் மொத்தமாகக் கட்டிய லெவிட்டவுன் குடியிருப்பின் முதல் வீடுகள், 1947இல், அந்த அளவுதான். ஆனால் மேலே முடிக்காத மாடி, சுற்றிலும் இடம்: பிள்ளைகள் வளர வளர வீடும் வளரட்டும் என்ற கணக்கு. ஒரே ஓர் எச்சரிக்கை. அங்கே பேஸ்மென்ட் கிடையாது; சூடேற்றும் குழாய்கள் கான்கிரீட் தளத்துக்குள்ளேயே ஓடின. தெரியாமல் துளை போட்டுவிடாதீர்கள்.

அம்மா 1958 முதல் இருந்த வீட்டை விற்கிறோம். புதுப்பித்து விற்கலாமா?

வேண்டாம் என்பேன். நல்ல தெரு, பெரிய மனை என்றால் வாங்குபவர் இடித்துவிட்டுக்கூடக் கட்டுவார்; உங்கள் புதுச் சமையலறை மேடை குப்பைக்குப் போகும். கார்பெட்டின் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள், அடியில் ஓக் மரத் தரை இருந்தால் அதை மட்டும் இழைத்துப் பாலிஷ் போடுங்கள். அதைவிட முக்கியம், பிற்காலத்தில் கூட்டிக் கட்டிய அறைக்கு பெர்மிட் வாங்கியிருக்கிறதா என்று தேடுங்கள். வீட்டைச் சூடேற்ற எண்ணெய் வைத்திருந்த பழைய தொட்டி தோட்டத்தில் புதைந்திருக்கிறதா என்று அம்மாவிடமே கேளுங்கள். எந்தச் செடிக்குக் கீழே என்று அவர்களுக்கு நினைவிருக்கும்.