40 மணித்தியாலம் போதுமா?

உங்கள் மகளின் வார அட்டவணையை அனுப்பியிருந்தீர்கள். திங்கள் நீச்சல், செவ்வாய் கணக்கு டியூஷன், புதன் பரதம், வியாழன் வயலின், சனி காலை தமிழ்ப் பள்ளி, பின்னேரம் மறுபடியும் பரதம். பிள்ளை ஸ்காபரோவில் தரம் 10 படிக்கிறாள். இதற்கு மேல் ஒரு உணவு வங்கியிலும் ஒரு மருத்துவமனையிலும் சேர்த்துவிட்டால் யூனிவர்சிட்டிக்கு நல்லதா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம் தங்கச்சி.

முதலில் அந்த 40 மணித்தியாலம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளி டிப்ளோமா வாங்க இவ்வளவு நேரம் சமூகப் பணி செய்திருக்க வேண்டும். தரம் 9 தொடங்குவதற்கு முந்திய கோடை விடுமுறையிலேயே ஆரம்பிக்கலாம். தெரிந்தவரின் மகன் 300 மணித்தியாலம் செய்துவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். செய்யட்டும், நல்ல பிள்ளை. ஆனால் பள்ளி கொடுக்கும் ட்ரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேட்டில்) அந்த நிபந்தனை நிறைவேறியது என்று மட்டும்தான் பதிவாகும். 41ஆவது மணித்தியாலத்துக்கு அங்கே தனிப் புள்ளி கிடையாது.

வீட்டு வேலையும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும் இந்தக் கணக்கில் சேராது. மாமாவின் கடையில் பெட்டி அடுக்கிவிட்டு அவரிடமே கையெழுத்து வாங்கும் வழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலை அது, அதுவும் சேராது. தமிழ்ப் பள்ளியில் சின்ன வகுப்புக்கு உதவுவது, நூலகத்தில் சிறுவர்களோடு உட்கார்ந்து வாசிப்பது போன்றவை பொதுவாகச் சரி. சந்தேகமென்றால் வேலையைத் தொடங்குமுன் பள்ளியின் கைடன்ஸ் ஆசிரியரிடம் (மாணவருக்கு வழிகாட்டும் ஆசிரியர்) கேட்க வேண்டும். முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

அடுத்தது யூனிவர்சிட்டி. ஒன்ராறியோவில் பெரும்பாலான பட்டப்படிப்புகளுக்குத் தரம் 12 பாடங்களில் சிறந்த ஆறின் சராசரிதான் முக்கியம். நடனத்தைப் பற்றியோ உணவு வங்கியைப் பற்றியோ யாரும் கேட்கப்போவதில்லை. கேட்கிற இடங்களும் உண்டு. வாட்டர்லூ பொறியியலுக்குத் தனியாக ஒரு தகவல் படிவம் நிரப்ப வேண்டும். ரொறன்ரோ பல்கலைக்கழகப் பொறியியலுக்கு ஒன்லைனில் ஒரு சுயவிவரம் கேட்பார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் தன்னைப் பற்றி எழுதச் சொல்லும். இவற்றில் எல்லாம் என்ன செய்தாய், அதில் உன் பங்கு என்ன, எது கஷ்டமாக இருந்தது என்ற மாதிரித்தான் கேள்விகள் வரும். ஏழெட்டு இடத்தில் தலைகாட்டிய பிள்ளைக்கு அங்கே எழுத ஒன்றும் இருக்காது. ஒரே இடத்தில் இரண்டு வருடம் நின்ற பிள்ளைக்குச் சொல்லக் கதை இருக்கும்.

உங்கள் பட்டியலில் அப்படி நிற்கக்கூடியது பரதம்தான் என்று நினைக்கிறேன். யாரும் சொல்லாமலே அவள் போகிற ஒரே வகுப்பு அது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அரங்கேற்றம் செய்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை (மண்டபம், உடை, சாப்பாடு, வீடியோ என்று அது கல்யாணச் செலவாகிவிடுவது வேறு கதை). ஆனால் அரங்கேற்றம் செய்தேன் என்ற ஒற்றை வரி, விண்ணப்பம் படிக்கும் ஒரு வெள்ளைக்காரருக்கு ஒன்றும் சொல்லாது. தனியாக மேடையில் இரண்டு மூன்று மணித்தியாலம் ஆட எத்தனை வருடப் பயிற்சி தேவை என்று அவள்தான் விளக்க வேண்டும். அதைவிட, சனி பின்னேர வகுப்பிலே அரை மணித்தியாலம் குட்டிப் பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக் கொடுக்க முடியுமா என்று டீச்சரிடம் கேட்கலாம். மாதம் ஒருமுறை ஒரு முதியோர் இல்லத்தில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஆடலாம். முதியோர் இல்லத்தில் ஆடுவது 40இல் சேரக்கூடியது. வகுப்பில் சொல்லிக் கொடுப்பதைப் பற்றிக் கைடன்ஸ் ஆசிரியரிடம் கேட்கட்டும், ஏனென்றால் கட்டணம் வாங்கும் வகுப்பு அது.

அரங்கேற்றத்தைத் தரம் 12இன் செப்டம்பர், அக்டோபரில் மட்டும் வைக்காதீர்கள். பெரிய உதவித்தொகை விண்ணப்பங்கள் பல அந்த நேரத்தில்தான் குவியும். ஜனவரி நடுப்பகுதிக்குள் பல்கலைக்கழக விண்ணப்பமும் போக வேண்டும். தரம் 11 முடிந்த கோடைதான் சரி.

உதவித்தொகை என்றதும் லோரன் அறக்கட்டளையும் டிடி வங்கியும் கொடுக்கும் இரண்டையும் பற்றிக் கேட்பீர்கள். லோரன் நான்கு வருடத்தில் ஒரு லட்சம் டொலருக்கு மேல், டிடி 70,000 டொலர் வரை. சமூகப் பணிக்கு உண்மையிலேயே எடை உள்ள இடங்கள் இவை. ஆனால் கனடா முழுவதற்குமாகச் சில டசின் பேருக்குத்தான் கிடைக்கும். விண்ணப்பிக்கட்டும், இதற்காகவே பிள்ளையை வளர்க்க வேண்டாம்.

டொக்டராக்க வேண்டும், அதனால் இப்போதே மருத்துவமனை என்பது உங்கள் இன்னொரு கணக்கு. ஒன்ராறியோவில் மருத்துவப் படிப்புக்குப் பல்கலைக்கழகத்தில் சில வருடம் படித்த பிறகுதான் விண்ணப்பிப்பார்கள். அந்த விண்ணப்பத்தில் செயல்பாடுகளைப் பட்டியலிடும் பகுதி 16 வயதிலிருந்து செய்தவற்றைத்தான் கேட்கிறது. உங்கள் மகளுக்கு 15. அவசரமே இல்லை.

அம்மம்மாவை டொக்டரிடம் கூட்டிப்போய் மொழிபெயர்ப்பதும் அவள்தான் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். குடும்பத்துக்குச் செய்வதால் 40இல் அது சேராது. ஆனால் குடும்பத்தில் உன் பொறுப்பு என்ன என்று ஒரு விண்ணப்பம் கேட்டால், மருத்துவமனையில் கோப்பு அடுக்கியதைவிட இதைப் பற்றித்தான் அவள் நன்றாக எழுதுவாள். அக்கம்பக்கத்தில் தமிழ் முதியோர் சங்கம் இருந்தால் அங்கேயும் படிவம் நிரப்ப உதவலாம். அது 40இல் சேரும்.

வயலினைத் தொடர விருப்பமா என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் வியாழனை வெறுமையாக விடுங்கள். சமூகப் பணியை எங்கே, எந்தத் திகதியில், எத்தனை மணித்தியாலம் செய்தாள், யார் பொறுப்பாளர் என்பதை ஒரு கொப்பியில் அவளே எழுதி வைக்கட்டும். கையெழுத்தை அந்தந்த வாரமே வாங்கிவிடட்டும், பொறுப்பாளர்கள் மாறிவிடுவார்கள். அப்புறம் ஒன்று, டீச்சருக்கும் முதியோர் இல்லத்துக்கும் போகிற மின்னஞ்சலை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள்.