புதுக் கூலர் போட்டும் சூடு குறையவில்லை: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கம்ப்யூட்டரில் திரைக்குப் படம் தயாரிக்கும் கிராபிக்ஸ் கார்டின் சூட்டைப் பற்றியவை. கார்டோடு வந்த கூலரைக் கழற்றிவிட்டு வேறு கூலர் வாங்கிப் போட்டவர்கள் எழுதியவற்றை மட்டும் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: மூன்று ஃபேன் உள்ள பெரிய கூலர் வாங்கிப் போட்டேன். முன்பு கேம் ஓடும்போது 78 டிகிரி இருக்கும். இப்போது இரண்டே நிமிடத்தில் 92. ஃபேன்கள் முழு வேகத்தில் சுற்றுகின்றன, ஆனால் கூலரைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. கார்டு கெட்டுவிட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார் விற்றவர்.

பதில்: வாங்காதீர்கள். விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள்: கூலர் சில்லென்று இருக்கிறது. கார்டின் மூளையான சிப் 92 டிகிரியில் கொதிக்க, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் உலோகம் குளிர்ந்திருக்கிறது என்றால், சூடு கூலருக்குப் போய்ச் சேரவே இல்லை. ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பயனில்லை.

கம்ப்யூட்டரை அணைத்து, வயரைப் பிடுங்கி, ஆறவிட்டுக் கூலரைக் கழற்றுங்கள். சிப்பின்மேல் பேஸ்ட் (சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்த நடுவில் வைக்கும் பசை) எப்படிப் பதிந்திருக்கிறது என்று பாருங்கள். சரியாக அழுந்தியிருந்தால் மெல்லிய படலமாகச் சிப் முழுவதும் பரவியிருக்கும். வைத்தது வைத்தபடி மேடாக இருந்தாலோ, ஒரு மூலை மட்டும் நசுங்கியிருந்தாலோ, கூலரின் அடித்தகடு சிப்பைச் சரியாகத் தொடவில்லை. செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறன் சுமார் 400 என்றால், காற்றுக்கு அது 0.03கூட இல்லை. முடி அளவு இடைவெளியில் காற்று நின்றாலும் போதும், சூடு அங்கேயே தேங்கிவிடும்.

தொடாததற்குக் காரணம் பெரும்பாலும் கார்டின் மெமரிமேல் ஒட்டும் தெர்மல் பேட், அதாவது சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பட்டைதான். நானும் இதில் பணத்தை இழந்தவன். 1 மி.மீ. பேட் வேண்டிய இடத்தில், தடிமன் கூடினால் நல்லதுதானே என்று 2 மி.மீ. வாங்கி ஒட்டினேன். அந்தக் கூடுதல் 1 மி.மீ. கூலரைச் சிப்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டது. கூலர்தான் சரியில்லை என்று நினைத்து இன்னொன்று வாங்கினேன். அதற்கும் அதே பேட், அதே சூடு. மூன்றாம் நாள் ஸ்கேலை வைத்து அளந்த பிறகுதான் புரிந்தது. உங்கள் கார்டுக்கு எந்த இடத்தில் என்ன தடிமன் என்று கூலரின் கையேட்டில் இருக்கும். அதைப் பார்த்து அளந்து ஒட்டுங்கள். பிறகும் சூடு இறங்காவிட்டால் கார்டைச் சந்தேகப்படலாம்.

கேள்வி: கூலரின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. அதோடு சேர்த்தே மாட்டிவிட்டேன். பரவாயில்லையா?

பதில்: இல்லை. இப்போதே அணைத்துக் கழற்றி, தாளை உரித்துவிட்டுப் புதுப் பேஸ்ட் வைத்து மாட்டுங்கள்.

கேள்வி: சிப்பின் சூடு 64 டிகிரிதான். ஆனால் ஹாட்ஸ்பாட் 97 காட்டுகிறது. இதைவிடப் பெரிய கூலர் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஹாட்ஸ்பாட் என்பது சிப்புக்குள் மிகவும் சூடான புள்ளி. அது சராசரியைவிட 10, 15 டிகிரி கூடுதலாக இருப்பது இயல்பு. உங்களுக்கு 33 டிகிரி வித்தியாசம். கூலர் ஒரு பக்கம் அழுந்தி, மறுபக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு ஸ்க்ரூவை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் இப்படித்தான் ஆகும். நான்கையும் முதலில் தளர்வாக மாட்டுங்கள். அப்புறம் எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றையும் அரைச் சுற்று, அரைச் சுற்றாக இறுக்குங்கள். கூலரைக் கழற்றினால் பழைய பேஸ்ட்டை முழுவதும் துடைத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும்.

கேள்வி: 'எல்லா கார்டுகளுக்கும் பொருந்தும்' என்று பெட்டியில் போட்டிருந்ததை நம்பிக் கூலர் வாங்கினேன். ஸ்க்ரூ துளைகளே சேரவில்லை. பெட்டியைத் திறந்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்கிறார்கள்.

பதில்: உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. பெட்டியைத் திறக்காமல் துளை சேருமா என்று யாரால் பார்க்க முடியும்? இந்த ஒரு வரியைப் பற்றி எனக்குப் பல வருடக் கோபம் இருக்கிறது, இன்று எழுதிவிடுகிறேன்.

எல்லா கார்டுகளுக்கும் பொருந்தும் கூலர் என்று ஒன்று கிடையாது. சிப்பைச் சுற்றியுள்ள நான்கு துளைகளின் இடைவெளி கார்டுக்குக் கார்டு மாறும். சிப்பின் உயரம் மாறும். அதைச் சுற்றி உலோகச் சட்டம் வைத்த கார்டுகளும் உண்டு, சட்டம் சற்று உயரமாக இருந்தால் தட்டையான அடித்தகடு சிப்பைத் தொடாமல் சட்டத்தில்போய் உட்கார்ந்துவிடும். ஒரே சிப், ஒரே பெயர் என்றாலும், தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் போர்டு வேறு. கெபாசிட்டர் நிற்கும் இடம், காயிலின் உயரம் எல்லாமே வேறு. ஏன், ஒரே தயாரிப்பாளரே இடையில் போர்டை மாற்றிவிட்டு மாடல் பெயரை மாற்றாமல் விற்பதும் உண்டு. கூலர் செய்கிறவருக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். எந்தெந்தக் கார்டுக்குச் சேரும் என்று மாடல் வாரியாக அச்சிட ஒரு தாள் போதும். அந்தத் தாளைப் போடாமல் 'எல்லா' என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு, வந்த நஷ்டத்தை வாங்கியவர் தலையில் கட்டுவது ஏமாற்றுதான். வேறு பெயர் சொல்லி அதைப் பூசி மெழுக எனக்கு மனம் இல்லை.

சரி, இனிச் செய்ய வேண்டியது. கார்டின் துளைகளையும் கூலரின் துளைகளையும் ஸ்கேலோடு சேர்த்துப் படம் எடுங்கள். பெட்டியில் உள்ள அந்த வரியையும் படம் எடுங்கள். 'பிடிக்கவில்லை' என்று எழுதாதீர்கள், 'விற்கும்போது சொன்னபடி பொருள் இல்லை' என்று எழுத்தில் அனுப்புங்கள். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. கிரெடிட் கார்டில் பணம் கட்டியிருந்தால், அதே படங்களோடு வங்கியிலும் புகார் கொடுங்கள். கூலரை வெட்டவோ துளை போடவோ வேண்டாம், போட்டால் உங்கள் வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: பேஸ்ட்டுக்குப் பதிலாகத் திரவ உலோகம் வாங்கியிருக்கிறேன். கூலரின் அடித்தகடு அலுமினியம். போடலாமா?

பதில்: போடவே கூடாது. அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரித்துப் பொடியாக்கிவிடும். வழிந்து போர்டில் பட்டால் ஷார்ட் ஆகும்.

கேள்வி: சிப் 60 டிகிரியைத் தாண்டுவதில்லை. ஆனாலும் அரை மணி நேரத்தில் திரை கறுத்துவிடுகிறது. கூலரோடு வந்த, மெமரிமேல் ஒட்டும் குட்டி ஹீட்சிங்குகளில் (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டுகள்) இரண்டு விழுந்துவிட்டன. அவை அவசியமா?

பதில்: மிகவும் அவசியம். பழைய கூலர் சிப்பை மட்டுமில்லாமல் மெமரியையும், மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் பாகங்களையும் சேர்த்துக் குளிர வைத்தது. நீங்கள் பார்க்கும் 60 டிகிரி சிப்புடையது. மெமரி தனியாக வெந்துகொண்டிருக்கலாம், பல கார்டுகளில் அதைக் காட்ட சென்சாரே கிடையாது. விழுந்த துண்டுகளை முதலில் தேடி எடுங்கள், அவை போர்டில் எங்காவது கிடந்தால் கார்டே போய்விடும். மெமரியின் மேற்பரப்பை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, புது ஒட்டும் பேட் வைத்து அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் எந்தப் பசையும் நிற்காது.

கேள்வி: நல்ல கூலர் எது, ஒரே வரியில் சொல்லுங்கள். கார்டு என்ன மாடல் என்று நினைவில்லை.

பதில்: மேலே நஷ்டப்பட்டவரின் கடிதத்தைப் படியுங்கள். மாடலைப் பார்த்து எழுதுங்கள், துளை இடைவெளியை அளந்து எழுதுங்கள், கேபினட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று எழுதுங்கள். அதுவரை ஒன்றும் வாங்காதீர்கள்.

கேள்வி: பேஸ்ட், ஸ்க்ரூ, பேட் எல்லாம் இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். கூலரும் நன்றாகவே சூடாகிறது. இருந்தும் 86 டிகிரி. கேபினட்டின் பக்கக் கதவைத் திறந்தால் 74-க்கு இறங்குகிறது.

பதில்: சரியான சோதனை செய்திருக்கிறீர்கள். கூலர் தன் வேலையைச் செய்கிறது. அது வெளியே தள்ளும் சூடான காற்று பெட்டிக்குள்ளேயே சுற்றுகிறது. முன்னால் காற்றை இழுக்கும் ஃபேன் ஒன்றும் பின்னால் வெளியே தள்ளும் ஃபேன் ஒன்றும் இருக்கின்றனவா, தூசி வலை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்றையும் கேட்க வேண்டும்: கூலரின் ஃபேன் வயரை எங்கே செருகினீர்கள்? மதர்போர்டில் என்றால், அது பெரும்பாலும் புராசசரின் சூட்டைப் பார்த்துத்தான் வேகத்தைக் கூட்டும். கேம் ஓடும்போது புராசசர் நிதானமாக இருக்கும், கார்டு திணறும், ஃபேன் மெதுவாகவே சுற்றும். கார்டிலேயே சின்னதாக நான்கு பின் கொண்ட ஃபேன் சாக்கெட் இருந்தால் அதில் செருகுங்கள். அளவு சேராவிட்டால் அதற்கென இணைப்பு வயர் தனியாகக் கிடைக்கிறது. மாற்றிவிட்டு, கதவை மூடி அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து, வந்த டிகிரியை எழுதுங்கள்.