எசென்ஸ் எத்தனை துளி? வாசகர் கேள்வி – பதில்

இனிப்பு எசென்ஸ்கள் பற்றி மும்பை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டோம். மூன்றாவது கேள்வி சமையலறையைத் தாண்டிய விஷயம். வீட்டில் கல்லூரி வயதுப் பிள்ளைகள் இருப்பவர்கள் அதை அவசியம் படியுங்கள்.

கேள்வி: செம்பூரில் வீட்டிலிருந்தே கேக், புட்டிங் ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். கிராஃபோர்ட் மார்க்கெட்டில் பட்டர்ஸ்காட்ச், ரசமலாய், கஸ்டர்ட் என்று எட்டு புது எசென்ஸ் வாங்கி வந்தேன். பாட்டிலைத் திறந்து முகர்ந்தால் எல்லாமே ஒரே நெடியாக அடிக்கிறது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் கசக்கிறது. இவற்றை எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

பதில்: பாட்டிலில் முகர்வதும் நாக்கில் வைப்பதும் எசென்ஸைப் பற்றி எதுவுமே சொல்லாது. உணவில் ஆயிரத்தில் ஒன்று, இரண்டு பங்கு சேர வேண்டிய பொருளை முழு வீரியத்தில் முகர்ந்தால் மூக்கு மரத்துப்போகும். கசப்பும் அந்த அடர்த்தியால் வருவதுதான். அதனால் முதல் வேலை, நீர்க்கச் செய்வது.

துளிக் கணக்கை விட்டுவிடுங்கள். தண்ணீர் ஒரு துளி சுமார் 0.05 கிராம் இருக்கும். ஆல்கஹாலில் கரைத்த எசென்ஸின் துளி அதில் பாதிகூட வராது. ஆகவே ‘ஐந்து துளி’ என்பது பாட்டிலுக்குப் பாட்டில் வேறு அளவு. நகை நிறுக்கிற மாதிரி 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

100 மி.லி. தண்ணீரில் 10 கிராம் சர்க்கரை கரைத்துக்கொள்ளுங்கள். அதில் 9 கிராம் எடுத்து, 1 கிராம் எசென்ஸ் சேர்த்துக் குலுக்கினால் பத்தில் ஒரு பங்கு வீரியமுள்ள கரைசல் கிடைக்கும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் அது எண்ணெயில் கரைத்த எசென்ஸ். அதற்குச் சர்க்கரைத் தண்ணீருக்குப் பதில் வாசனையில்லாத சூரியகாந்தி எண்ணெய் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி நான்கு டம்ளர். ஒவ்வொன்றிலும் காய்ச்சி ஆறிய கொழுப்பு எடுக்காத பால் 100 கிராம், சர்க்கரை 6 கிராம். முதல் டம்ளரில் எசென்ஸ் வேண்டாம். அடுத்தவற்றில் கரைசலை 1, 2, 4 கிராம் என்று விடுங்கள். அதாவது 0.1, 0.2, 0.4 சதவீதம். தட்டு போட்டு மூடிப் பத்து நிமிடம் வையுங்கள். தட்டை எடுத்ததும் முதலில் முகருங்கள், பிறகு ஒரு வாய் குடியுங்கள், விழுங்கிய பின் அரை நிமிடம் பொறுங்கள். நல்ல எசென்ஸும் மட்டமானதும் பிரிவது அந்த அரை நிமிடத்தில்தான். மட்டமானது முதல் வாயில் கமகமக்கும், பிறகு அடிநாக்கில் மருந்துக் கசப்பாக நிற்கும். எந்த டம்ளரில் கசப்பு தலைகாட்டுகிறதோ, அதற்கு முந்தைய அளவுதான் உங்கள் அளவு.

முடிவை அன்றைக்கே எழுதிவிடாதீர்கள். டம்ளர்களை மூடி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் திரும்பக் குடித்துப் பாருங்கள். பாலின் கொழுப்பு வாசனையில் ஒரு பங்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். முதல் நாள் காரமாகத் தெரிந்த கஸ்டர்ட் மறுநாள் சரியாக உட்கார்ந்திருக்கும். முதல் நாள் அருமை என்று தோன்றிய பழ எசென்ஸ் வெளிறியிருக்கும்.

ஒரே நேரத்தில் நான்கு எசென்ஸுக்கு மேல் வேண்டாம். நடுவில் வெறும் தண்ணீரும் ஒரு பிடி பொரியும் போதும். மூக்கு மரத்தால் உங்கள் முழங்கை மடிப்பை முகருங்கள், தெளிந்துவிடும். தெர்மோகோல் கப்பை மட்டும் தொடாதீர்கள். ஆரஞ்சு, எலுமிச்சை எசென்ஸில் உள்ள லிமோனீன் அதை அரித்துக் கரைத்துவிடும். எவர்சில்வர் அல்லது கண்ணாடி டம்ளர்தான் சரி.

கேள்வி: பைனாப்பிள் கேசரி கிளறும்போது தெருவே மணக்கிறது. தட்டில் போடும்போது மணமே இல்லை. எசென்ஸைக் கூட்டினால் கசக்கிறது. (மாட்டுங்கா வாசகி)

பதில்: தெரு மணக்கிறதே, அங்கேதான் உங்கள் எசென்ஸ் போயிருக்கிறது. பைனாப்பிள் வாசனையைத் தருவதில் முக்கியமானது எத்தில் பியூட்டிரேட். அதன் கொதிநிலை 121 டிகிரி. ஆனால் அத்தனை சூடு ஏறும்வரை அது காத்திருக்காது. ரவை வேகும்போது எழும் ஆவியோடு சேர்ந்து கிளம்பிவிடும். வனிலாவின் வனிலினுக்குக் கொதிநிலை 285 டிகிரி என்பதால் அது இவ்வளவு சீக்கிரம் ஓடுவதில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் வாணலியில் ஊற்றினால் ஒன்று தங்கும், ஒன்று பறக்கும்.

அடுப்பை அணைத்து, கேசரி கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு, ஒரு தேக்கரண்டி இளஞ்சூட்டு நெய்யில் எசென்ஸைக் கலந்து ஊற்றிப் புரட்டுங்கள். உடனே மூடி போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். திறக்கும்போது மூடியின் உட்புறம் கோத்திருக்கும் நீர்த்துளியை முகர்ந்து பாருங்கள். பைனாப்பிள் மணம் தூக்கலாக இருந்தால் இன்னும் சூடாக இருக்கும்போதே சேர்த்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்தத் துளிகளைக் கேசரியிலேயே தட்டிவிடுங்கள்.

கேள்வி: முலுண்டில் இருக்கிறோம். என் மகன் கல்லூரி இரண்டாம் ஆண்டு. அவன் மேஜையில் கஸ்டர்ட், பட்டர்ஸ்காட்ச், ஸ்ட்ராபெரி க்ரீம் எசென்ஸ், கிளிசரின், புரோபிலீன் கிளைக்கால், சின்னத் தராசு எல்லாம் இருந்தன. வேப்பில், அதாவது இ-சிகரெட்டில், ஊற்றிச் சூடாக்கி இழுக்கும் திரவம் கலந்து பார்க்கிறானாம். “நீ கேக்குல ஊத்துற அதே எசென்ஸ்தாம்மா, சாப்பிட்டா ஒண்ணும் ஆகலையே” என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில்: அம்மா, அவன் சொல்வதில் பாதி உண்மை. எசென்ஸ் அதேதான், போகும் வழிதான் வேறு. சாப்பிட்டது குடலுக்கும் கல்லீரலுக்கும் போய் உடைந்து வெளியேறும். இழுத்தது, இரண்டு மில்லிமீட்டருக்கும் குறுகலான மூச்சுக் கிளைக்குழாய்களில் நேராகப் போய்ப் படியும். பாட்டிலில் ‘உணவுத் தரம்’ என்று இருப்பது வாய்வழியே சாப்பிடுவதற்கான உறுதி மட்டுமே. சூடாக்கி நுரையீரலுக்குள் இழுப்பதற்கு அது பொருந்தாது.

அவனிடம் டயசெட்டைல் என்ற பெயரைச் சொல்லுங்கள். வெண்ணெய் மணம் தரும் பொருள் அது. கஸ்டர்ட், பட்டர்ஸ்காட்ச், க்ரீம் எல்லாவற்றுக்கும் அந்த வழவழப்பைக் கொடுப்பதும் பெரும்பாலும் அதுதான். அமெரிக்காவில் மிசோரி மாநிலத்துப் பாப்கார்ன் ஆலை ஒன்றில் வேலை பார்த்த 8 பேருக்கு நுண்மூச்சுக் குழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொண்டது 2000-ஆம் ஆண்டில் வெளியே வந்தது. வெண்ணெய் எசென்ஸைச் சூடான எண்ணெயில் கலக்கும் தொட்டியிலிருந்து எழுந்த ஆவியில் டயசெட்டைல் இருந்தது. அதைச் சுவாசித்ததுதான் காரணம் என்று விசாரணை காட்டியது. அந்தத் தழும்பு திரும்ப ஆறுவதில்லை. ‘பாப்கார்ன் லங்’ என்ற பெயர் அப்படி வந்ததுதான். 2016-ல் அமெரிக்கத் தொழில்நல நிறுவனம் பணியிடக் காற்றில் டயசெட்டைலுக்குப் பரிந்துரைத்த உச்ச அளவு, நூறு கோடியில் 5 பங்கு. 2015-ல் வெளியான ஹார்வர்டு ஆய்வில், பார்த்த 51 சுவை வேப்களில் 39-ல் டயசெட்டைல் இருந்தது.

‘டயசெட்டைல் இல்லாதது’ என்று லேபிள் காட்டுவான். பல தயாரிப்புகளில் அதற்குப் பதிலாக அசெட்டைல் புரோபியோனைல் சேர்க்கிறார்கள். அமைப்பில் டயசெட்டைலின் உடன்பிறப்பு அது, மூச்சுக்குழாய்க்குச் செய்வதும் அதே கேடு. அசிட்டாயின் சேர்த்தாலோ, பாட்டிலில் இருக்க இருக்க அதில் ஒரு பங்கு டயசெட்டைலாக மாறும். இது மட்டும் என்றும் இல்லை. பாதாம், செர்ரி எசென்ஸின் பென்சால்டிஹைடு மூச்சுப்பாதையை எரிச்சலூட்டும். பட்டை மணத்தின் சின்னமால்டிஹைடு, சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களை முடக்கும். வனிலினும் புரோபிலீன் கிளைக்காலும் பாட்டிலிலேயே வினைபுரிந்து, லேபிளில் இல்லாத புதுப் பொருள்களை உண்டாக்கும். எண்ணெயில் கரைத்த எசென்ஸை இழுத்தால் நுரையீரலில் கொழுப்பு படிந்து நிமோனியாவே வரலாம். நாக்கில் ருசி பார்த்து இவற்றில் ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் வேப் திரவத்துக்கு எந்தச் சுவை, எத்தனை சதவீதம் என்று நாங்கள் எவருக்கும் சொல்வதில்லை.

சட்டமும் இருக்கிறது. 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டமாக வந்து, அதே ஆண்டு டிசம்பரில் முழுச் சட்டமானது இ-சிகரெட் தடை. நிகோடின் இல்லாவிட்டாலும், சூடாக்கி ஆவியை இழுக்கும் கருவி எல்லாம் அதில் அடங்கும். தயாரிப்பது, இறக்குமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாம் குற்றம், முழுக் கருவியானாலும் அதன் பாகமானாலும். முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் மூன்றாண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும்.

இன்றிரவு செய்ய வேண்டியது: நிகோடின் பாட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அது விஷம். தோல் வழியாகவும் ஏறும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், வேறு பாட்டிலில் மாற்றாதீர்கள், சின்னக் குழந்தைகள் கையில் கிடைக்கவே கூடாது. வறட்டு இருமல் வாரக்கணக்கில் நிற்காவிட்டாலோ, லோக்கல் ரயில் பாலத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்கினாலோ, நுரையீரல் மருத்துவரிடம் அழைத்துப் போய் ஸ்பைரோமெட்ரி (ஊதிப் பார்க்கும் மூச்சுத் திறன் சோதனை) எடுங்கள். வேப் பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. விட நினைத்தால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் தேசியப் புகையிலை விடுப்பு உதவி கிடைக்கும். கத்தாதீர்கள். தராசு பிடித்து அளந்து கலக்கத் தெரிந்த பிள்ளை அவன். முதல் கேள்வியின் நான்கு டம்ளரை அவன் முன்னால் வைத்து, கஸ்டர்ட் எசென்ஸைப் பாலில் அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கலக்கும்போது தூக்கலாக இருந்த பட்டர்ஸ்காட்ச் ஐஸ்கிரீம், உறைந்ததும் சப்பென்று ஆகிறது. (டோம்பிவிலி வாசகர்)

பதில்: குளிரில் வாசனை மேலெழும்புவதும் குறையும், நாக்கு இனிப்பை உணர்வதும் குறையும். க்ரீமின் கொழுப்பும் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலில் கண்டுபிடித்த அளவைப் போல் ஒன்றரை மடங்கில் தொடங்குங்கள். கலவையை நான்கு மணி நேரமாவது ஃபிரிட்ஜில் ஊறவிட்டு, இரண்டு கரண்டி மட்டும் ஒரு கிண்ணத்தில் உறையவைத்து, ஃபிரீசரிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் கழித்து ருசி பாருங்கள். சப்பென்று இருப்பது பல நேரம் எசென்ஸ் குறையால் அல்ல, சர்க்கரைக் குறையால். முதலில் சர்க்கரையைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: பாதாம் எசென்ஸ் பாட்டில் வாயில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூஞ்சையா? உருக்கிய சாக்லேட்டில் அதை ஊற்றினால் கட்டி தட்டுகிறது. (சயான் வாசகி)

பதில்: பெரும்பாலும் பூஞ்சை இல்லை. பென்சால்டிஹைடு காற்றுப்பட்டுப் பென்சாயிக் அமிலமாகிப் படிகமாக உறைந்திருக்கிறது. மணம் குறைந்திருக்கும், மாற்றிவிடுவது நல்லது. அடுத்த முறை சின்ன பாட்டிலாக வாங்கி, வெளிச்சம் படாமல் இறுக மூடி வையுங்கள். சாக்லேட் கட்டியாவது எசென்ஸில் உள்ள தண்ணீரால். அதற்கு எண்ணெயில் கரைத்த எசென்ஸ் வாங்குங்கள். கட்டியானதைக் கொட்ட வேண்டாம், சூடான க்ரீமைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கலக்கினால் கனாஷ் (கேக் மேல் ஊற்றும் சாக்லேட்-க்ரீம் கலவை) ஆகிவிடும்.

கேள்வி: விலை கூடிய வனிலாவுக்கும் மலிவானதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரிகிறது. வீட்டில் யாரும் நம்பவில்லை. (அண்டாப் ஹில் வாசகி)

பதில்: மூன்று டம்ளர் சோதனை வையுங்கள். இரண்டில் ஒரே வனிலா, ஒன்றில் மற்றது. பால், சர்க்கரை, சூடு எல்லாம் ஒன்று, டம்ளரும் ஒரே ரகம். ஊற்றியவர் அறையில் இருக்கக் கூடாது. வேறுபட்டது எது என்று மட்டும் கேளுங்கள், எது நன்றாக இருக்கிறது என்று கேட்காதீர்கள். வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள். சும்மா குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். ஐந்து பேரில் நான்கு பேர் சரியாகச் சொன்னால் வித்தியாசம் உண்மை என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்று பேர்தான் என்றால் மலிவானதையே வாங்குங்கள். வாங்கும்போது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணைப் பாருங்கள். சோப்பு, மெழுகுவர்த்திக்கான வனிலாவும் அதே மாதிரி பாட்டிலில் சில கடைகளில் கிடைக்கிறது. அது உணவுக்கு ஆகாது.