ஸோம்பி என்றால் உண்மையில் என்ன பொருள்? பேயா, நோயா, கணினிச் சொல்லா?

ஏதோ படம் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கடித்தால் தொற்றும் கதையெல்லாம் சினிமா பின்னால் சேர்த்தது. எனக்கு இது சோறு போடும் சொல். கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை.

சர்வரை இயக்கும் லினக்ஸ் என்கிற மென்பொருளில் ஒரு புராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், இன்னொன்றைப் பிள்ளையாகப் பெறும். பிள்ளை வேலையை முடித்துச் செத்ததும் பெற்றது வந்து கணக்கை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காவிட்டால் பிள்ளையின் பெயர் மட்டும் பட்டியலில் நிற்கும். அதுதான் ஸோம்பி. எளிமையாகச் சொல்கிறேன், விவரம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வராதீர்கள்.

போன வருடம் சம்பா நடவுக்கு மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு ஆபீஸ் பையனிடமிருந்து போன். திண்ணையில் உட்கார்ந்து, "ஸோம்பியைக் கொல்ல முடியாது தம்பி, அது ஏற்கெனவே செத்தது. அதோட அப்பனைக் கொல்லு, தானாப் போயிடும்" என்றேன். உள்ளே வெற்றிலை இடிக்கும் சத்தம் நின்றது.

"ஏண்டா, யாரு அப்பனைக் கொல்லச் சொல்றே?"

அப்பாயிக்கு விளக்க லினக்ஸ் உதவவில்லை. கரீபியன் கடலில் இருக்கும் ஹைட்டி நாட்டுக் கதைக்குப் போனேன். பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுபோனார்கள். செத்தாலாவது விடுதலை என்று நினைத்தவர்களுக்கு, மந்திரவாதி பிணத்தை எழுப்பி அப்புறமும் வேலை வாங்குவான் என்பதைவிடப் பெரிய பயம் வேறில்லை. அந்த ஸோம்பிக்கு உப்பில்லாத சோறுதான். நாக்கில் உப்பு பட்டால் தான் செத்தது ஞாபகம் வந்து குழிக்கே திரும்பிவிடுவான் என்பார்கள்.

"பின்னே, உப்பு போட்டுத் தின்னா ரோஷம் வந்துடும்ல" என்றாள் அப்பாயி, ஏதோ பக்கத்துத் தெரு சங்கதி போல. அவளுடைய அப்பா பண்ணையாள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். "அவரு வாங்குன கடனுக்கு எங்கண்ணன் போயி நின்னான்" என்று சொல்லிவிட்டு, பாக்குரலில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

மற்ற பொருள்களும் உண்டு. மூளை கலங்கியது போல அலையும், பூஞ்சை பிடித்த எறும்பு, திருடன் தூரத்திலிருந்து ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டர், வட்டி கட்டவே திணறியும் வங்கி தயவில் மூடாமல் ஓடும் கம்பெனி. 1990களுக்குப் பிறகு ஜப்பானில் இந்தக் கம்பெனிகளைப் பற்றி நிறையப் பேசினார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், எனக்கு அதில் பெரிய ருசியில்லை.

இனி எழுதப்போவதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை என்பீர்கள். பரவாயில்லை. தாத்தா கடைசிக் காலத்தில் மூன்று மா நிலம் வாங்கினார். அவர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது, பட்டா இன்னும் அவர் பெயரில்தான். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் கொடுத்தாயிற்று. அலையும்போதெல்லாம் கிடைக்கும் பதில், "சர்வர் டவுன் சார்". இதை என்னிடம் சொல்கிறார்கள். ஒருமுறை மட்டும் பொறுக்க முடியாமல், "எந்த சர்வர், கொடுங்கள், நான் பார்க்கிறேன்" என்று கேட்டுவிட்டேன். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். இந்த வருடத் தீர்வை ரசீதிலும் தாத்தா பெயர்தான் இருக்கிறது.